போன துடிப்பின் எதிரொலி

கேம்பல் பேக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று நான் அழவில்லை. கத்தினேன். போர்ட் பிளேரில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறவர்கள் என்றைக்காவது ஒரு நாள் தெற்கே கடைசித் தீவுக்குப் போய்ச் சில வருடம் இருந்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் பல்கலைக்கழகம் கடைசி முறையாகக் கால நீட்டிப்புக் கொடுத்திருந்த அந்த வருடத்திலா அது வரவேண்டும்? என் கணவர் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ரேடியோவில் கப்பல்களோடு பேசுகிறவர். மரைன் ஹில் வீட்டின் கூடத்தில் நான் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, "அங்க குரங்கு ஜாஸ்தி. லேப்டாப்ப ஜன்னல் பக்கம் வெக்காத" என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

குரங்குகளைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவை என் லேப்டாப்பைச் சீண்டவில்லை. காய வைத்த துணியைத்தான் எடுத்துக்கொண்டு போயின.

நான் எதை ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேட்பவர்களிடம் "எலக்ட்ரான் எண்ணுகிறேன்" என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். மாற்றாதவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்வேன். காற்றெல்லாம் முடிந்துபோன உயரத்துக்கும் மேலே, பூமியின் காந்தம் தன் பிடியில் வைத்திருக்கும் பெரிய வெளி ஒன்று இருக்கிறது. காந்தக்கோளம் என்று பெயர். நம் கணக்குக்கு அது வெற்றிடம். ஆனால் எலக்ட்ரான்களும் அயனிகளும் பிளாஸ்மாவாக அங்கே உலவிக்கொண்டிருக்கின்றன. அவை எந்த இடத்தில் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஒரு செயற்கைக்கோளில் நீளநீளமான ஆண்டெனாக்களைக் கட்டி மேலே அனுப்பினார்கள். அது ஒரு ரேடியோ துடிப்பை வெளியே விடும். உடனே பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கும். குறைந்த அதிர்வெண்ணில் போன துடிப்பு, கொஞ்சம் எலக்ட்ரான் கூடியிருந்தாலே திரும்பி வந்துவிடும். அதிக அதிர்வெண்ணில் போனது, அடர்ந்த கூட்டத்தில் மோதினால்தான் திரும்பும். திரும்பி வர ஆன நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். இப்படி அதிர்வெண்ணை மாற்றி மாற்றி அனுப்பினால், எத்தனை தூரத்தில் எத்தனை அடர்த்தி என்று ஒரு படமே கிடைக்கும். படத்தில் எதிரொலி ஒரு வெளிச்சக் கோடாக வளைந்து தெரியும்.

இதில் எங்கள் தீவுக்கு ஒரு வேடிக்கையான இடம் உண்டு. பூமியின் காந்த முனைகள் இரண்டுக்கும் நடுவே போகும் காந்த நடுக்கோடு எங்களுக்கு மிகப் பக்கத்தில் ஓடுகிறது. கேம்பல் பேயில் நின்று அண்ணாந்து பார்த்தால், பூமியின் ஆரத்தைப் போல இரண்டு பங்கு உயரத்தில் செயற்கைக்கோள் தாண்டிப்போகும் காந்தக் கோடு எங்கள் தலைக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் அது எங்கள் தீவில் இறங்குவதில்லை. வடக்கே வளைந்து சைபீரியப் பக்கம் ஒரு காலையும், தெற்கே குளிர்ந்த கடலில் இன்னொரு காலையும் ஊன்றியிருக்கிறது. ரேடியோ துடிப்பு பெரும்பாலும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்த் திரும்பும். எங்களுக்கு வரவேண்டிய அரசாங்கத் திட்டங்களும் இப்படித்தான் தலைக்கு மேலேயே போய்விடுகின்றன என்று என் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்தச் செயற்கைக்கோள் வாய் மூடி வருடங்கள் ஆகிவிட்டன. அது கேட்டதெல்லாம் காப்பகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். அப்படி இறக்கிய படங்களில் எதிரொலிக் கோட்டைக் கண்ணால் தேடி, அதன் ஓரத்தில் மௌஸால் புள்ளி புள்ளியாக வைத்துப் போவதுதான் என் வேலை. கணினியே செய்யாதா என்று கேட்பார்கள். செய்யும். இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். எனக்கு இந்தப் புள்ளி வைக்கும் வேலை பிடிக்கும். கோலத்துக்குப் புள்ளி வைக்கச் சொன்னால் ஓடிப்போன பெண்தான் நான். இதை மட்டும் மணிக்கணக்கில் அலுக்காமல் செய்வேன்.

அப்படிச் செய்தபோதுதான் சுவர் கிடைத்தது. சில படங்களில் வழக்கமான வளைகோடு பாதியில் அறுந்து நிற்க, செயற்கைக்கோளுக்கு வெகு பக்கத்தில், அதிக அதிர்வெண்ணில் ஒரு குட்டையான பிரகாசமான கோடு தெரிந்தது. அங்கே அவ்வளவு அதிர்வெண் திரும்பி வருகிறதென்றால், அடர்ந்த எலக்ட்ரான் கூட்டம் ஒன்று பக்கத்திலேயே இருக்கவேண்டும். எந்தக் கோட்பாடும் அந்த இடத்தில் அப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை. மெயின்லேண்டில் இருக்கும் என் ஆய்வு வழிகாட்டி, அவரை நாங்கள் கைடு என்றுதான் சொல்வோம், படத்தைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். "சுவர் மாதிரி நிக்குதேம்மா!" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் அது சுவர்தான். கருத்தரங்கில் அவரே அதைக் காட்டினார். இருவர் பெயரிலும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினோம். என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அந்தச் சுவர்தான். அதை எடுத்துவிட்டால் மற்ற அத்தியாயங்கள் வெறும் முன்னுரையாகிவிடும்.

நான் கேம்பல் பேக்கு வந்து, ஓட்டுக் கூரை போட்ட குவார்ட்டர்ஸில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்த வாரத்தில் இதழிலிருந்து பதில் வந்தது. பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர், ரெஃப்ரீ என்பார்கள், கட்டுரையை நிராகரிக்கச் சொல்லியிருந்தார். அவர் எழுதியதன் சாரம் இதுதான்: நீங்கள் பார்த்தது அந்தத் துடிப்பின் எதிரொலியே இல்லாமல் இருக்கலாம், அதற்கு முன்னால் அனுப்பிய துடிப்பின் எதிரொலி தாமதமாக வந்து சேர்ந்ததாக இருக்கலாம், அதைச் சோதித்தீர்களா?

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சம்படத்தின் மூடி எங்கே உருண்டது என்றுகூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தா கேட்கிறார்? வருடக்கணக்காகக் கண் எரிய எரிய இந்தப் படங்களைப் பார்த்தவள் நான். அன்று சாயங்காலம் கணவரிடம் போனில் பொரிந்து தள்ளினேன். அவர் கேட்டுவிட்டு, "யாருன்னே தெரியாத ஆளு மேல எதுக்கு இவ்ளோ குஸ்ஸா? சோதிச்சுட்டேன்னு எழுதிப் போடு" என்றார்.

"சோதிக்கலையே!"

"அப்ப சோதி" என்று சொல்லிவிட்டு, கப்பல் கூப்பிடுகிறது என்று போனை வைத்துவிட்டார். அவர் மீதும் கோபம் வந்தது.

நாங்கள் ஏன் சோதிக்கவில்லை? அந்தச் செயற்கைக்கோள் ஒரே அதிர்வெண்ணில் சில துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பிவிட்டுத்தான் அடுத்த அதிர்வெண்ணுக்குப் போகும். இரண்டு துடிப்புக்கு நடுவே கேட்பதற்கென்று ஒரு சிறு இடைவெளி விடும். அந்த இடைவெளிக்குள் வராத அளவுக்குத் தூரத்திலிருந்து வரும் எதிரொலி மிகவும் பலவீனமாகிவிடும், கருவிக்குக் கேட்காது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம். அந்த எண்ணத்திலேயே இருந்ததால், மதிப்பீட்டாளரின் வரியைக் கோபத்தோடு பல முறை படித்தும் அது எனக்குள் இறங்கவில்லை.

அது இறங்கியது மளிகைச் சாமான் வந்த அன்றைக்கு. கேம்பல் பேயில் கடைகள் இருக்கின்றன. ஆனால் எனக்குப் பழக்கப்பட்ட சாமான் வேண்டுமென்றால் போர்ட் பிளேர் பஜாரில் கடை வைத்திருக்கும் ராமநாதபுரத்து பாயிடம் போனில் சொல்வேன். அவர் மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிவிடுவார். இங்கே இருக்கும் பல குடும்பங்களுக்கு அதுதான் வழக்கம். அந்த வாரம் இட்லி அரிசியும் நல்லெண்ணெயும் சொல்லியிருந்தேன். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போய் எடுத்துவந்து மூட்டையைப் பிரித்தால் சேமியாவும் வெல்லமும் இருந்தன. உடனே பாயைப் பிடித்துக்கொண்டேன்.

"பாய், நான் என்ன கேட்டேன், நீங்க என்ன அனுப்பிருக்கீங்க? வீட்ல ஒரு பொட்டு எண்ணெய் இல்ல!"

"டீச்சரம்மா, கோவப்படாதீங்க. சேமியா வெல்லமெல்லாம் நீங்க அதுக்கு முந்தி கேட்டது. கடல் சரியில்ல, மௌசம் கராப்னு அந்த ஜஹாஜ நிறுத்திட்டாங்கள்ல? அந்த மூட்டைதான் இப்ப வந்திருக்கு. அரிசியும் எண்ணெயும் இங்க ஹேடோ ஜெட்டியிலயே கெடக்கு. அடுத்ததுல வந்துரும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். போனை வைத்துவிட்டு சேமியா பாக்கெட்டை அலமாரியில் வைக்கப் போனவள் பாதியிலேயே நின்றேன். நான் இரண்டாவது முறை கேட்ட பிறகு வந்த மூட்டை என்பதால், அது இரண்டாவது முறை கேட்டதற்கு வந்தது என்று எடுத்துக்கொண்டேன். முதல் கேள்விக்கான சாமான், வழியில் தாமதப்பட்டு, இரண்டாவது கேள்விக்குப் பிறகு கரை சேர்ந்திருக்கிறது. செயற்கைக்கோளுக்கும் அதுதான் நடந்திருந்தால்? துடிப்பு காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பலம் குறையாமல் தெற்குக் கோடி வரைக்கும் போய், அங்கே பூமிக்கு அருகில் எலக்ட்ரான் நெருக்கமாக இருக்கும் இடத்தில் திரும்பி, அடுத்த துடிப்பு கிளம்பிய பிறகு வந்து சேர்ந்திருந்தால், கருவி அதைப் புதுத் துடிப்பின் கணக்கில்தான் எழுதும். கிளம்பிய உடனே திரும்பி வந்ததுபோலத் தெரியும். பக்கத்திலேயே ஏதோ அடர்ந்து நிற்பதுபோலத் தெரியும். சுவர் மாதிரித் தெரியும்.

சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சோதிக்க ஒரு வழி இருந்தது. செயற்கைக்கோளிடம் இனிமேல் எதையும் கேட்க முடியாது. ஆனால் அது உயிரோடு இருந்தபோது, எப்போதாவது துடிப்புகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி விட்டும் வேலை செய்திருக்கிறது. அந்தப் படங்கள் சொரசொரப்பாக இருக்கும் என்பதால் யாரும் தொடுவதில்லை. இடைவெளி நீண்டால் தாமதமாக வரும் எதிரொலி தன் சொந்தத் துடிப்பின் கணக்கிலேயே பதிவாகும். சுவர் நிஜமென்றால், இடைவெளி என்னவாக இருந்தாலும் அதே இடத்தில் நிற்கும். பொய்யென்றால் பக்கத்தில் காணாமல் போய்த் தூரத்தில் தெரியும். கைடைக் கூப்பிட்டுச் சொன்னேன். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக மறுத்தார்.

"அதெல்லாம் கெளறாதம்மா. ரெஃப்ரீக்கு ரெண்டு பாரா பதில் எழுதுவோம், இல்ல வேற ஜர்னல் பாப்போம். உனக்கு எக்ஸ்டென்ஷன் முடியப் போகுது. சுவரை இடிச்சுட்டு மூணாவது சாப்டர்ல என்னத்த வெப்ப?"

"இருந்தா நிக்கட்டும் சார். இல்லாததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"தீசிஸ் எக்ஸாமினர் எல்லாம் இவ்வளவு தூரம் போகமாட்டாங்க."

"நான் போயிட்டேனே சார்."

உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பயமாக இருந்தது. அவர் கையெழுத்தில்லாமல் ஆய்வேடு போகாது. ஆனாலும் செய்வது என்று முடிவெடுத்துவிட்டேன். என்னிடம் இருக்கும் நல்ல குணம் என்று யாரும் சொல்லாத குணம் பிடிவாதம். அது அன்றைக்கு உதவிக்கு வந்தது.

கடலடிக் கேபிள் வந்த பிறகு எங்களுக்கும் இணையம் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் அந்த மாதம் அது வருவதும் போவதுமாக இருந்தது. அவ்வளவு பெரிய கோப்புகளை இங்கே இறக்க முடியவில்லை. கணவரிடம் சொன்னேன். இந்த முறை அவர் கிண்டல் செய்யவில்லை. போர்ட் பிளேரில் இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, துண்டில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, கேம்பல் பேக்குக் கப்பல் ஏற நின்ற யாரோ ஒரு மிலிட்டரிக்காரர் கையில் கொடுத்துவிட்டார். தீவில் அப்படித்தான். முன்பின் தெரியாதவர் கையில் மருந்தும் கொடுத்துவிடுவோம், நகையும் கொடுத்துவிடுவோம். "கப்பல் கெளம்பிருச்சு. ஆளு பச்சைத் தொப்பி போட்டிருக்காரு" என்று செய்தி வந்தது. அலை மோசமாக இருந்ததால் கப்பல் நடுவில் நங்கவுரித் தீவில் தங்கி, தாமதமாகத்தான் வந்தது. ஜெட்டியில் மழைக்குள் நின்று, பச்சைத் தொப்பியைத் தேடிப் பிடித்து வாங்கினேன். "சம்பால் கே, மேடம்" என்று ஜாக்கிரதை சொல்லி அவர் அதைக் குழந்தையைப் போலக் கொடுத்தார்.

மறுநாள் விடுமுறை. எங்கள் ஊரில் பொழுது சீக்கிரமே விடிந்துவிடும். விடிந்ததும் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், சுவர் இருக்கவேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். ரெஃப்ரீயின் மூக்கு உடையவேண்டும், கைடு சிரிக்கவேண்டும், நான் சீக்கிரம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவேண்டும். செயற்கைக்கோள் அதே உயரத்தில், அதே போன்ற அமைதியான நாளில், நீண்ட இடைவெளி விட்டுக் கேட்ட முதல் படத்தைத் திறந்தேன். சுவர் நிற்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. படத்தின் மேல் பக்கத்தில், நான் இதுவரை பார்த்தேயிராத தூரத்தில், மெல்லிய கோடு ஒன்று வளைந்து கிடந்தது. தற்செயலாக இருக்கும் என்று அடுத்ததைத் திறந்தேன். அதற்கடுத்ததையும் திறந்தேன். எல்லாவற்றிலும் அதேதான்.

எழுந்து போய் அந்தச் சேமியாவையும் வெல்லத்தையும் போட்டுப் பாயசம் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு டம்ளர்கூட உள்ளே போகவில்லை. ஒரு நெருங்கிய ஆள் போய்விட்டதுபோல இருந்தது. அந்தச் சுவரை நான்தான் முதலில் பார்த்தேன் என்று எத்தனை நாள் மனசுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன்! பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

கைடுக்கு விவரத்தை எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன். சரி என்று ஒரே ஒரு வார்த்தை பதிலாக வந்தது. அதற்கப்புறம் அவர் போன் செய்யவில்லை. நான் செய்தபோதும் எடுக்கவில்லை.

சரி, அவர் கோபம் அவரோடு, என் வேலை என்னோடு என்று தொடங்கினேன். சுவர் என்று நான் புள்ளி வைத்திருந்த ஒவ்வொரு கோட்டையும் எடுத்து, முந்தைய துடிப்பிலிருந்து கணக்கிட்டு, அதன் நிஜமான தூரத்தில் வைக்கவேண்டும். எலக்ட்ரான் கூட்டத்துக்குள் போகும்போது அலை வேகம் குறையும், அதற்கும் திருத்தம் செய்யவேண்டும். பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் கிடைக்கும் காலை வெளிச்சத்தில் தினமும் உட்கார்ந்தேன். மின்சாரம் போனால் பேட்டரி தீரும் வரை செய்வேன். பேட்டரியும் தீர்ந்தால் காகிதத்தில் கணக்குப் போடுவேன். பள்ளியில் பிள்ளைகள், "மேடம், கண்ணு லால் ஆயிருக்கு" என்று என் சிவந்த கண்ணைக் காட்டுவார்கள். கணவர் போனில், "உன் எலக்ட்ரானுங்க எல்லாம் ஒழுங்கா வீடு போய்ச் சேந்துச்சா?" என்று கேட்பார். பாதி சேர்ந்துவிட்டது என்பேன். சில நாள் கேம்பல் பேயில் யாரோடும் பேசாமலேயே பொழுது போய்விடும். விட்டுவிடலாம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

கடைசியில் கிடைத்த படத்தில் அதிசயம் எதுவும் இல்லை. எங்கள் தலைக்கு மேலே, கோட்டின் உச்சியில், எலக்ட்ரான் அடர்த்தி மிகக் குறைவு. அங்கிருந்து தெற்கே இறங்க இறங்கப் படிப்படியாகக் கூடி, கடலுக்கு மேலே பூமியை நெருங்கும்போது அடர்ந்துவிடுகிறது. முன்பு பாதியில் அறுந்து நின்ற வளைகோடு, சுவரிலிருந்து பிடுங்கிய துண்டுகளைக் கொண்டுவந்து வைத்ததும், கடைசி வரைக்கும் முழுசாக ஓடியது. ஒரு துண்டுகூட விலகி நிற்கவில்லை. மூன்றாவது அத்தியாயத்தைத் தலைப்பு முதல் மாற்றி எழுதி, கெடு முடிய இன்னும் சில நாளே இருந்தபோது, கைடுக்கு அனுப்பினேன்.

அவர் கூப்பிட்டபோது நான் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"படிச்சேம்மா" என்றார். குரல் களைத்திருந்தது. "படமெல்லாம் சுத்தமா வந்திருக்கு. ஆனா புதுசா ஒண்ணுமில்லையே. தியரி என்ன சொல்லுதோ அதேதானே?"

"புதுசு இல்ல சார். சரியா இருக்கு."

லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

"கேக்குதும்மா. தீசிஸ இந்த வாரமே குடுத்துரு. நான் கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கேன்" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "நான் லெக்சரரா சேந்த புதுசுல ஒரு பேப்பர் போட்டேன். இதே சேட்டிலைட்டு, அதே சின்ன இடைவெளி. நீயும் படிச்சிருப்ப. வேற உயரம்தான், ஆனா அதுலயும் பக்கத்துலயே ஒரு அடர்ந்த கூட்டம்னு எழுதிருக்கேன். நான் வெளிய தெரிஞ்சதே அந்தப் பேப்பராலதான். உன் சுவரைப் பாத்ததும் எனக்கு அவ்ளோ சந்தோஷம் வந்ததுக்குக் காரணம் அதுதாம்மா."

இத்தனை நாள் அவர் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் போனை எடுக்காத அந்த வாரங்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

"அந்த நாள் ஃபைலெல்லாம் காப்பகத்துல இருக்கு. நீயே எடுத்துப் பாத்துரு" என்றார். "நான் பாத்தா அது சுவராத்தாம்மா தெரியும்."

"பாக்கறேன் சார்" என்றேன்.

அவர் சொன்ன தேதிகளைக் கைக்கு அகப்பட்ட காகிதத்தில் எழுதிக்கொண்டேன். அன்று இணையம் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, முதல் கோப்பை இறக்கத் தொடங்கினேன்.